காந்தத்தில் முளைத்த தாடி

வேலையிடத்தில் அவளைக் காந்தக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகப் போட்ட ஆழ்துளைக்குள் பலமான காந்தம் வைத்த நீளக் கருவியை இறக்குவாள். ஆஸ்பத்திரி ஸ்கேன் உடம்பைப் பார்ப்பதுபோல் அது பாறையைப் பார்க்கும். களிமண்ணில் ஒட்டிக்கிடக்கும் நீரின் சமிக்ஞை சட்டென்று அடங்கிவிடும். மணற்பாறையின் பெரிய துளைகளில் இருக்கும் நீருடையது நிதானமாக அடங்கும். மோட்டார் போட்டால் மேலே வருவது அந்த நீர்தான்.

அன்று துளை போட்டது துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில். அவளும் மாமியாரும் குடியிருப்பது அங்கேதான். ஊரையே கழுவிவிடுகிறவர்களுக்குக் கை கழுவ லாரித் தண்ணீர். அதுவும் வந்தால் உண்டு.

கருவியை இறக்கியும், நீர் இருந்தால் திரையில் எழும்ப வேண்டிய கோடு எழும்பவே இல்லை.

"வறண்ட குழின்னு எழுதி மூடிடுங்க. நாளைக்கு பங்களாத் தெருவுல வண்டி நிக்கணும்" என்றார் பொறியாளர்.

"கருவி கீழே போகப் போக சிக்னல்ல இரைச்சல் ஏறுது சார். பாறையில குறையில்ல, கருவிக்குத்தான் காது அடைச்சிருக்கு. இன்னொரு தடவை இறக்கணும்."

"சொந்தத் தெருன்னு பாசமா?"

"தெரு பார்க்கிறது நீங்கதான் சார். பங்களாத் தெருவுல இப்படி வந்தா ஒரே தடவையில மூடுவீங்களா?"

அவள் கருவியை மேலே இழுத்தாள். காந்தம் இருந்த இடமெல்லாம் இரும்புத்தூள் மொய்த்து நின்றது.

"அக்கா, உங்க மிஷினுக்குத் தாடி முளைச்சிருக்கு!" என்று சிரித்தார் துளை போடுகிறவர்.

"எல்லாம் உங்க மழுங்கின ட்ரில் பிட்டு உதிர்த்த முடிதான் தம்பி. சிரிச்சது போதும், குழியைக் கழுவுங்க."

குழியைக் கழுவினார்கள். வெறும் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, மிச்சத் தூளையும் வாரி எடுத்தார்கள். கருவியைத் துடைத்து மறுபடி இறக்கினாள். மணற்பாறை வந்ததும் கோடு எழுந்தது. எழுந்த கோடு அவசரமில்லாமல் அடங்கியது. அவள் திரையைப் பொறியாளர் பக்கம் திருப்பினாள்.

"ஓடுற தண்ணி சார், மோட்டார் போட்டா ஏறும். முதல் தடவை எடுத்த அளவு தப்புன்னும் சேர்த்து எழுதுங்க."

பொறியாளர் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, "குழாய் இறக்குங்கப்பா" என்றார்.

வேலிக்கு வெளியே நின்ற மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "என்னடி சொல்லுது?"

"இருக்கு அத்தை. நிறையவே இருக்கு."

திரையில் எழுந்த அந்தக் கோட்டின் அச்சு நகல் ஒன்றை வாங்கிக்கொண்டு மாமியார் வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள். "இந்த மேடு இருக்கே, இதுதான் நம்ம தண்ணி. கண்டுபிடிச்சது யாரு? என் மருமக!"