இவானின் பிள்ளைகள்

இன்று காலை பல்லடம் பஸ்ஸில் ஒரு ரஷ்ய நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் காதலர்கள் ஏன் சேரவில்லை என்று வகுப்பில் நான் பேச வேண்டும். பாதிகூடப் படித்திருக்கவில்லை.

பக்கத்து சீட்டு அக்கா கதை கேட்டார். சொன்னேன். அந்த ஊரில் பெயரோடு அப்பா பெயரும் சேர்ந்து வரும், காதலர்கள் இருவர் பெயரிலும் இவான் வரும் என்றேன்.

"ரெண்டு பேருத்துக்கும் அப்பன் பேரு இவானுங்களா? அப்புறம் எப்படிக் கட்டிக்குவாங்க, கண்ணு? பங்காளியாச்சே!"

"இல்லீங்க்கா, அது வேற இவான்."

"விசாரிச்சீங்களா?"

வகுப்பில் பேராசிரியர் காரணம் கேட்டதும் பதற்றத்தில் அதையே உளறிவிட்டேன். "பங்காளிங்க சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார்.

"இவான் என்ன கூட்டமுங்க, எந்தக் குலமுங்க?"

திங்கட்கிழமை மறுபடி பேச வேண்டுமாம். இவானின் குலதெய்வம் தெரிந்தவர்கள் இன்றைக்கே மெயில் போடுங்கள்.