சேலை மறைவில் மூன்று வெண்டைச் செடிகள்

எங்கள் வீட்டு வெண்டைச் செடிகளுக்குத் தினமும் காலையில் நான்தான் வெயில் போட்டுவிடுவேன். சன்னல் ஓரம் ஓர் ஊதா விளக்கு தொங்குகிறது. அதற்கு ஒரு சுவிட்சு. அதுதான் இங்கே சூரியன். பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மே மாதம் பால்கனித் தொட்டியில் போட்ட விதை, சில்லென்ற மண்ணில் முளைக்காமலே அழுகிப்போயிற்று. மறுபடி வீட்டுக்குள் போட்டு, விளக்கு வாங்கி மாட்டிய பிறகுதான் மூன்று செடி எழும்பின. தமிழ்க் கடையில் வெண்டைக்காய் கிடைக்காமல் இல்லை. விமானத்தில் வந்து வாடி, நார் ஏறிக் கிடக்கும். அதைத் தின்று தின்று சலித்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

ஊரில், பாகூர் பக்கம் குருவிநத்தத்தில், அப்பா குத்தகைக் கொல்லையில் வெண்டைதான் போடுவார். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் காய் பறிக்கப் போய்விட்டேன். விதை முளைக்குமா என்ற கவலையே அங்கே வராது. பயமெல்லாம் வேறு. இலை நரம்பு மஞ்சளாகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பேன். மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் கரைக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன். இடுப்பளவு செடியெல்லாம் மூழ்கி, வெள்ளம் வடிந்ததும் சேறு பூசிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் நான். இது போதாதென்று கண்ணேறு வேறு. எங்களுடையது ரோட்டோரக் கொல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் பார்வை பட்டால் பூ கொட்டிவிடும் என்று, முதல் பூ விட்டதுமே அம்மா கம்பு நட்டுப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிவிடுவாள். பன்றியும் வராது, கண்ணும் படாது.

அதையேதான் இங்கேயும் செய்தேன். ஆகஸ்டு கடைசியில் முதல் பூ விட்டது. எதிர்க் கட்டடத்தில் ஒரு கிழவர், காபிக் கோப்பையோடு சன்னலில் நின்று எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பூவுக்குக் கண் பட்டுவிடுமே. என் மனைவி செல்வியின் பழைய சேலை ஒன்றை எடுத்துச் சன்னல் முழுக்க மறைத்துக் கட்டினேன். விளக்கைப் போட்டால் சேலையே ஊதாவாக எரியும்.

கொஞ்ச நாள் கழித்து ரொட்டிக் கடை வரிசையில் அந்தக் கிழவர் எனக்குப் பின்னால் நின்றார். சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டார். 'பிளாந்த்' என்பது மட்டும் பிடிபட்டது. செடியைக் கேட்கிறார். இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். வாயில் போடுகிறதா, தின்கிறதா என்கிறார் என்று நினைத்துக்கொண்டு "வுய், வுய்" என்று தலையாட்டினேன். நீ மட்டுமா என்பது போல என்னை நோக்கி விரலை நீட்டினார். "ஃபாமிய்," குடும்பமே என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சைக் காட்டுகிற ஆசையில், தினமும் என்பதற்கு "தூ லே ழூர்" என்றும் சேர்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

மறுநாள் இதை ரபீக்கிடம் சொன்னேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிருமாம்பாக்கத்துக்காரன், உணவகத்தில் என்னோடு பாத்திரம் கழுவுகிறவன்.

"டேய், அவன் கஞ்சானு நெனச்சிருக்கான்டா!"

"வெண்டச் செடிடா அது."

"எலயப் போயிப் பாரு. வெரல் விரிச்ச மாதிரி இல்ல? ஊதா லைட்டு, சன்னலுக்குத் துணி. இங்க அதுக்குத்தான்டா அப்டிக் கட்டுவானுங்க. நீ இன்னாடான்னா, குடும்பமே தெனம் அடிக்கிறோம்னு சொல்லிட்டு வந்து நிக்கிற!"

சோப்பு நுரை தெறிக்கச் சிரித்தான். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கும் சிரிப்பு வரும். இங்கே தங்கும் அனுமதி அட்டையான கார்த்தோடு இருக்கிறவர்களுக்கு வராது. செல்விக்கு அவள் அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. எனக்கு இருப்பது தங்குவதற்கான கார்த்து ஒன்றுதான். அதைப் புதுப்பிக்க அக்டோபர் கடைசியில் பிரெஃபெக்தூர் என்கிற அரசு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அதற்குள் போலீசு வந்து வாசலில் நின்றால், பத்துப் பாத்திரம் தேய்க்கிறவன் எந்த மொழியில் என்னவென்று விளக்குவேன்? லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கிற சத்தம் கேட்டாலே கதவுத் துளை வழியாகப் போய்ப் பார்ப்பேன். குருவிநத்தத்தில் வெண்டைக்கு என்ன வந்துவிடுமோ என்று பயந்தேன். இங்கே வெண்டையால் எனக்கு என்ன வந்துவிடுமோ என்று பயம்.

"புடுங்கிப் போட்டுடலாம்," என்றேன்.

"பூவும் பிஞ்சுமா நிக்கிறதயா? கை வெச்சித்தான் பாரேன்," என்றாள் செல்வி.

பிடுங்கினாலும் எங்கே போடுவது? குப்பைத் தொட்டிக்குத் தூக்கிப் போவதையும் யாராவது பார்ப்பார்களே. யோசித்து யோசித்து, கடைசியில் சேலையை அவிழ்த்தேன். விளக்கை அணைத்தேன். மூன்று தொட்டிகளையும் பால்கனிக் கம்பி ஓரம் கொண்டுபோய் வரிசையாக வைத்தேன். போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் நன்றாகப் படட்டும். அம்மா பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

"பிஞ்சா கீது மாமா, வதக்கிடட்டுமா?" என்று செல்வி கத்தியோடு வந்தாள்.

"காயத் தொடாத. காய் இருந்தாத்தான் வெண்டனு தெரியும்."

"இன்னா மாமா, நீ தின்றதுக்கு வெச்சியா, சாட்சி சொல்றதுக்கு வெச்சியா?"

அக்டோபர் குளிர் இறங்கியது. செடி நடுங்குவது போலவே எனக்கு இருக்கும். இரண்டு முறை தொட்டியை உள்ளே தூக்கி வைக்கப் போய், லிஃப்ட் சத்தம் கேட்டு விட்டுவிட்டேன். ஒரு காலையில் பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. காய்கள் மட்டும் விறைப்பாக மேலே பார்த்து நின்றன. எதிர்ச் சன்னலில் கிழவர் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். என்ன செடி என்று புரிந்துகொண்டாரா, இல்லை, பயிர் போயிற்றே என்று துக்கம் விசாரிக்கிறாரா, தெரியவில்லை. நானும் கையைத் தூக்கி வைத்தேன்.

செல்வி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். பாகூர் கடைத்தெருவில் காய் வாங்கும்போது செய்வது போல ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை, நாராக வளைந்தது. நகத்தால் கீறிப் பிளந்தாள். உள்ளே விதை இன்னும் வெள்ளை வெளேரென்று, பச்சைப் பால் மாறாமல் இருந்தது.

"கறிக்கும் ஆவாது, விதைக்கும் ஆவாது," என்று சொல்லிவிட்டு மற்ற காய்களைப் பறிக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிரெஃபெக்தூர் போய்த் திரும்பும்வரை அவை அங்கேயே நிற்கட்டும்.