பச்சை மேலே

இன்பமணி தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். கப்பல் வந்து கரையில் கட்டியதும் முதல் ஆளாக ஏறி, கேப்டனிடம் காகிதங்களில் கையெழுத்து வாங்கி, சுங்கத்துக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவளுக்கு முன்னால் அந்த அலுவலகத்தில் எந்தப் பெண்ணும் அந்த வேலைக்குப் போனதில்லை. ஆடுகிற ஏணியில் சுரிதாரும் ஹெல்மெட்டுமாக அவள் ஏறுவதை ஆரம்பத்தில் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது தேசியக் கொடியை மடிக்கவும் ஏற்றவும் பழகியவள். அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. ஆகஸ்ட் பதினைந்து முடிந்து பத்து நாள் ஆன பிறகும் ஆட்டோவில் கிழிந்து தொங்குகிற கொடியைக் கண்டால் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவாள். வெளுத்துப்போன கொடியை மாற்றச் சொல்லி ஒரு அரசு அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொடுத்திருக்கிறாள். அவள் மகள் இதற்குப் பயந்தே அவளோடு கடைத்தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் போன வருஷம் ஆகஸ்ட் மாதம் அந்தப் புகார் வந்தது.

இந்தோனேசியாவிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த கப்பல் அது. முந்தின ராத்திரி வந்து கட்டியபோதே அவள் ஏறிக் காகித வேலையை முடித்துவிட்டாள்; கொடி ஏறியது காலையில்தான். வெளிநாட்டுக் கப்பல் நம் துறைமுகத்துக்குள் வந்தால் மரியாதைக்காக நம் கொடியையும் ஏற்ற வேண்டும். ஏற்றியிருந்தார்கள், பச்சை மேலேயும் காவி கீழேயுமாக. கரி ஏற்றப் போயிருந்த லாரி உரிமையாளர் மாரிராஜ் அதைப் படம் பிடித்து, ‘நம் மண்ணிலேயே நம் கொடிக்கு அவமானம்’ என்று எழுதிப் போட்டுவிட்டார். பதினோரு மணிக்குள் துறைமுக வாசலில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். கேப்டன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

இன்பமணியின் போன் ஓயவில்லை. முதலில் கப்பலுக்குப் பேசிக் கொடியை இறக்கச் சொன்னாள். பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார்.

“கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்திருக்காங்க மேடம். எஃப்.ஐ.ஆர். போட்டா கப்பல் நின்னுரும்.”

“சார், வேணும்னே தலைகீழா ஏத்துனாத்தான் குத்தம்னு சட்டத்துலயே இருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க. என்னன்னு பாத்துட்டு வாரேன்.”

“அதை அவங்ககிட்ட சொல்லுங்க,” என்று கூட்டத்தைக் காட்டினார். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது.

கப்பலில் கொடியை ஏற்றியவன் பிலிப்பைன்ஸ்காரன், சின்ன வயசு. இறக்கிய கொடியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளிறிப்போய் நின்றான். கப்பல் கொடியின் ஓரத்தில் ஒரு முனையில் சின்ன மரக்கட்டையும் மறு முனையில் கயிற்று வளையமும் தைத்திருக்கும். கட்டை உள்ள முனைதான் மேலே போக வேண்டும். உலகத்துக் கொடி எல்லாவற்றையும் அவன் அப்படித்தான் ஏற்றுகிறான். பழைய கொடி கிழிந்துபோனதால் நேற்றுத்தான் இந்தப் புதுக்கொடியைப் பிரித்தானாம்.

இன்பமணி வாங்கிப் பார்த்தாள். கட்டை பச்சை நிறத்தின் பக்கம் தைக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் ‘வீரபாகு ஸ்டோர்ஸ், தூத்துக்குடி’ என்றிருந்தது. ஜூன் மாதம் இதே கப்பல் வந்தபோது வாங்கியது. வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். அன்றைக்குப் பிரித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டோமே என்று நினைத்தபோது அவளுக்குக் காது சுட்டது. ஆட்டோக்காரர்களை நிறுத்தி வைத்துப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

அவள் கண்ணெதிரிலேயே அந்தப் பையன் கட்டையையும் வளையத்தையும் பிரித்து முனை மாற்றித் தைத்தான். காவி மேலே ஏறியதைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

“எங்கக்கா கேப்டன்?” என்றார் மாரிராஜ்.

“கேப்டன் வர மாட்டாரு. தப்பு அவங்க மேல இல்ல. கொடி நம்ம ஊர்ல வாங்குனது. தச்சது தப்பு. பாக்காம அனுப்புனது நான். மன்னிப்புக் கேக்கணும்னா நான் கேக்கேன்.”

வெளிநாட்டுக்காரனைத் திட்ட வந்தவர்களுக்கு உள்ளூர்க்காரியின் மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“நீங்க எதுக்குக்கா கேக்கணும்? அவன் ஏத்தும்போது பாக்க வேண்டாமா?” என்றார் மாரிராஜ்.

“அவனுக்கு எது மேல, எது கீழன்னு எப்படிப்பா தெரியும்? அவங்க நாட்டுக் கொடிய உங்க கைல குடுத்தா நீங்க சரியா ஏத்திருவீங்களா?”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். வெயிலும் ஏறியிருந்தது. எழுதிக் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அரைமணி நேரத்தில் கலைந்து போனார்கள். கையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் கொடிகளில் ஏழெட்டை நடுரோட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கரி லாரிகள் ஏறுவதற்குள் இன்பமணி அவற்றைப் பொறுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். யாரையும் திட்டக்கூடத் தெம்பில்லை.

அங்கிருந்து நேரே வீரபாகுவின் கடைக்குப் போனாள். கப்பல்களுக்கு அரிசி முதல் கயிறு வரை கொடுக்கிற கடை.

“அண்ணாச்சி, அந்தக் கொடி எத்தனை இருக்கு?”

“வெளியூர்ல இருந்து அறுபது வந்துச்சு. ஏன், இன்னும் வேணுமா?”

விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பத்தொன்பது கொடிகள் ஏற்கெனவே கப்பல்களுக்குப் போயிருந்தன. அந்த வாரம் முழுக்க அவள் ஒவ்வொரு கப்பலுக்கும் மெயில் அனுப்பினாள். அந்தக் கப்பல்கள் எந்தெந்தக் கடலில் இருந்தனவோ, பாதிக்குப் பதில் வரவில்லை. படம் மட்டும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. துபாயிலிருந்து அவள் கொழுந்தன் கூப்பிட்டு, “மதினி, உங்க துறைமுகத்துல கொடிய எரிச்சுட்டானுவளாமே?” என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மீதிக் கொடிகளை அவளும் வீரபாகுவும் திருத்திக்கொண்டிருந்தபோது மாரிராஜ் வந்தார். பதிவை அழித்துவிட்டாராம். ஆனால் அதற்குள் பல ஆயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்களாம். சொல்லிவிட்டுச் சட்டென்று போனை எடுத்தார்.

“நீங்க தைக்கத ஒரு வீடியோ எடுத்துப் போடுதேன்க்கா. உண்மை எல்லாருக்கும் தெரியட்டும்.”

இன்பமணி தன் கைகளைப் பார்த்தாள். ஒன்றில் கொடி, மற்றதில் கத்தரிக்கோல்.

“ஏலே, அதை முதல்ல பைக்குள்ள வையி! இதைப் போட்டீன்னா நாளைக்கு என் வீட்டு வாசல்ல வந்து நிப்பானுவ.”

மாரிராஜ் போனைப் பைக்குள் வைத்துவிட்டார். சும்மா நிற்கப் பிடிக்காமல் மேசையில் கிடந்த ஒரு கொடியை எடுத்து, காவியை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டார். அவள் கட்டையைத் தைக்க ஆரம்பித்தாள்.