மச்சான்ரை வானும் பின்சில்லுச் சத்தமும்

வாடகை வான் ஓட்டுற தொழிலிலை கைகால் களைக்க முதல் காது களைச்சுப் போகும். மற்றவன்ரை வாகனத்தை ஓட்டி வயிறு வளர்க்கிற ஆராவது இதை வாசிச்சால், நான் சொல்லப்போறது உங்களுக்குப் புதினமாய் இராது. மற்ற ஆக்கள் நம்பினால் நம்புங்கோ.

நான் ஓட்டுறது மனிசியின்ரை தமையன்ரை வான். அவர் கனடாவிலை, வான் யாழ்ப்பாணத்திலை, நான் இரண்டுக்கும் நடுவிலை.

கனடாவிலை கேக்கேல்லை

ஒரு நாள் ஆக்களோடை கொடிகாமம் தாண்டேக்கை பின்னாலை 'ங்ஙீ' எண்டு ஒரு சிணுங்கல் துடங்கிச்சு. வேகம் கூட அதுவும் கூடிச்சு. கியரை எடுத்துச் சும்மா உருள விட்டும் பாத்தன், நிக்கேல்லை. அப்ப எஞ்சின் இல்லை, சில்லு சுழல உள்ளுக்கு இருக்கிற குண்டுப் பெயரிங்தான். அது தேஞ்சால் முதலிலை சிணுங்கும், பிறகு சில்லு இறுகும், இல்லாட்டிக் கழண்டே போகும். வானுக்குள்ளை ஆக்கள் எல்லோ இருக்கினம்!

தன்ரை சொல் இல்லாமல் ஒரு ஆணியும் மாத்தக் கூடாது எண்டது மச்சான்ரை கட்டளை. ஃபோனிலை சத்தத்தைப் பிடிச்சு அனுப்பினன். சினேகிதர்மாரையும் கூட்டி வச்சுக் கேட்டவராம். பிறகு மறுமொழி வந்துது.

"எனக்கு இஞ்சை ஒண்டும் கேக்கேல்லை மச்சான். முதலிலை உம்மடை ஃபோனை மாத்தும்."

மடுவுக்குப் போன பயணம்

குருநகரிலையிருந்து ஒரு குடும்பம் மடு மாதா கோயிலுக்குப் போக வானைப் பிடிச்சது. ஏறின நேரந்தொட்டுப் பாட்டு, காது கிழியிற அளவுக்கு. சத்தம் எந்தப் பக்கமெண்டு பிடிக்கவேணும், பாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ எண்டு கேட்டன். வாகனத்திலை பிழை இருக்கெண்டும் சொன்னன். பின் சீற்றிலை, சரியா அந்தச் சில்லுக்கு மேலை இருந்த அன்ரிதான் மறுமொழி சொன்னவ.

"தம்பி, உந்தச் சத்தம் கேக்கக் கூடாதெண்டுதானே நாங்கள் பாட்டுப் போட்டனாங்கள்."

புத்தூர் கராஜ்

பாக்கிறதுக்கு மச்சான்ரை சொல் தேவையில்லைத்தானே எண்டு புத்தூரிலை தெரிஞ்ச கராஜுக்கு விட்டன். மெக்கானிக் தம்பி வானை உயத்தி, சில்லைக் கையாலை சுத்தினான். ஒரு சத்தமும் இல்லை. என்னோடை ஏறி ஒரு சுத்து ஓடியும் பாத்தான். நல்ல பிள்ளை மாதிரிப் போகுது வான்! எனக்கு வெக்கமாய்ப் போச்சு. பாரம் இருக்கேக்கை நேர் றோட்டிலை இரண்டு பக்கமும் மெல்ல வெட்டிப் பாக்கச் சொன்னான். வலப்பக்கம் வெட்டேக்கை சத்தம் கூடினால் இடப்பக்கத்துச் சில்லு, மற்றப் பக்கமெண்டால் மறுவளமாம்.

"ஆக்களை ஏத்திக்கொண்டு போய்ப் பாருங்கோ அண்ணை, வெறும் வானுக்கு வருத்தம் தெரியாது."

மாப்பிள்ளை வீட்டார்

அடுத்த ஓட்டம் மாப்பிள்ளை வீட்டாரைச் சாவகச்சேரி மண்டபத்துக்கு ஏத்துறது. நாவற்குழி தாண்ட றோட்டு நேராய்க் கிடந்தது, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு வாகனமும் இல்லை. வலப்பக்கம் மெல்ல வெட்டினன், கீச்சிட்டுது. இடப்பக்கம் வெட்டினன், அடங்கிச்சு. அட, இடப்பக்கத்துப் பின்சில்லு! ஆள் அம்பிட்டுது எண்ட சந்தோசத்திலை இன்னொருக்காலும் வெட்டினன். என்னை அறியாமல் சிரிச்சும் போட்டன். பக்கத்திலை இருந்த மாப்பிள்ளையின்ரை மாமன் அந்தச் சிரிப்பைத்தான் கண்டவர். பின்னாலை பொம்பிளையள் கலியாணத் தட்டங்களைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு கிடந்தவை.

மச்சானைத் தெரிஞ்ச அந்த மாமன் மண்டபத்திலை இறங்கின கையோடை கனடாவுக்குக் கோல் அடிச்சுப் போட்டார். நான் வீட்டை போக முதலே மனிசிக்குச் செய்தி போயிட்டுது. கிட்ட வந்து வாயை மணந்து பாத்தாள். ஒரு சொட்டும் தொட்டறியாதவன் நான். அழுகை வந்திட்டுது. அதுக்குள்ளை மச்சான்ரை கோல். பெயரிங், பெயரிங் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னன்.

"அதை விடும். எவ்வளவு காலமாக் குடிக்கிறீர்?"

மச்சான் வந்தார்

கோயில் திருவிழாவுக்கு மச்சான் குடும்பத்தோடை வந்து நிண்டார். தன்ரை வானைத் தானே ஓட்டவேணுமெண்டு ஆசை. பின்னாலை அவற்றை பிள்ளையள், பக்கத்திலை நான். கைதடி வர முதலே ஓரம் கட்டினார். முகம் வெளிறிப் போச்சு. பிள்ளையளை இறக்கி ஓட்டோ பிடிச்சு அனுப்பிப்போட்டு, வானை ஊர்ந்து ஊர்ந்து கராஜுக்குக் கொண்டு போனார்.

அண்டைக்கே பெயரிங் மாத்தியாச்சு. கழட்டினதைப் பாத்தன், உள்ளுக்குக் குண்டெல்லாம் நொருங்கிக் கிடந்தது. அந்தச் சில்லுக்கு மேலை இருந்துதான் என்ரை மகளும் பள்ளிக்கூடம் போய் வந்தவள். மச்சான் கராஜிலை எல்லாருக்கும் முன்னாலை என்ரை தோளிலை கையைப் போட்டார்.

"இவ்வளவு சத்தம் கேக்குது, நீர் எனக்கு ஒரு சொல் சொல்லேல்லையே. பிள்ளையள் எல்லோ ஏறுறது."

காது எல்லாருக்கும் இருக்கு, ஆனால் வான் ஆற்றை பேரிலை பதிஞ்சிருக்கோ அவற்றை காதுக்குத்தான் அதின்ரை சத்தம் கேக்குமாம்.