நுரைப் பலகைக்கு எந்தப் பசை

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதனால் எழுத்து வரிசையில் நிற்காது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது முந்திக்கொள்ளும், முந்தினது மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசச் சொன்னால் இன்னும் மோசம். ஆள் முகத்தைப் பார்த்தாலே என் நாக்கு உள்ளே போய்விடும். எழுதுவதென்றால் யாரும் பார்க்காதபோது எழுதலாம் அல்லவா, அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கம்பெனிகள் வந்த காலத்தில் பிழைக்க வந்து, பக்கத்துப் பேரிகை ஊர்க்காரியான என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஊர் ஊராகப் போன முதுகு இப்போது ஒத்துழைப்பதில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், இடுப்பிலிருந்து கால்வரை கரண்டு பிடித்ததுபோல் இழுக்கும். நீட்டிப் படுத்தால்தான் அடங்கும்.

அவருடைய அக்கா ஊரில் இருக்கிறாள். தாய் இல்லாத வீட்டில் இவரை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் அவளும் படுக்கைதான். சாயங்காலமானால் போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். “ஏலே, எப்பம்டா வருவ?” என்பாள். “வாரேன்க்கா” என்பார். போனை வைத்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ரயிலில் போகலாம் என்றார்கள். கீழ்ப் படுக்கை கிடைத்தாலும் பகலில் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல அவருக்கு மனம் வராது, எனக்கு வாயே கிடையாது. ஆம்புலன்ஸ் வைக்கலாம் என்றதற்கு அவரே மறுத்துவிட்டார். வாசலில் அந்த வண்டி வந்து நின்றால் அக்கா தம்பி முகத்தைப் பார்க்குமுன்னே போய்ச் சேர்ந்துவிடுவாள் என்றார்.

அப்போதுதான் எங்கள் மகன் ஒரு யோசனை சொன்னான். காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்னப் படுக்கை வண்டி. ஓடும்போது அப்பா முன்சீட்டில் சாய்ந்திருப்பார். வலி வந்தால் ஓரங்கட்டி, பின்வண்டிக்குள் நீட்டிப் படுப்பார். எங்கள் காரோ சின்னது, கனத்தை இழுக்காது. அதனால் சுவர், கூரை, கட்டில் எல்லாமே நுரைப் பலகை. ரோஜாப் பூ வைக்கும் குளிர் அறைச் சுவருக்குள் பதிப்பார்களே, அந்த நீலப் பலகை. தெர்மாகோலுக்கு மூத்த அண்ணன் மாதிரி இருக்கும். ஒரு பூக்கம்பெனியில் பழைய அறையைப் பிரித்தபோது வாங்கி வந்தான். அடிச்சட்டத்தைப் பட்டறையில் வெல்டிங் வைத்தாயிற்று. பலகையில் ஆணி நிற்காது, பசைதான் எல்லாம். மகனுக்கு ஷிப்டு, மருமகளுக்கும் கம்பெனி. பகலில் வீட்டில் இருப்பவள் நான். ஆகவே பசை இலாகா என் தலையில் விழுந்தது.

பாகலூர் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. மேஸ்திரிகளும் பிளம்பர்களும் கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு நிற்பார்கள். கூட்டம் கலையட்டும் என்று பெயிண்டு டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன். கூட்டம் கலையவில்லை, கூடியது. கடைசியில் கடைக்காரரே என்ன வேண்டும் என்று தெலுங்கில் கேட்டார். பேரிகையில் பிறந்தவளுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு. அன்றைக்கு அதுவும் வரவில்லை. கைக்கு எட்டிய மஞ்சள் டப்பாவைக் காட்டினேன். செருப்புக்கு அடிஅட்டை ஒட்டுகிற பசை. வீடு வந்து சேர்வதற்குள், நானே யோசித்துத் தேர்ந்தெடுத்ததாக எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. என் செருப்பு அந்தப் பசையில்தான் மழைக்கெல்லாம் தாங்கி நிற்கிறது, படுக்கை வண்டி தாங்காதா?

முதலில் துண்டுப் பலகையில் போட்டுப் பார் என்று மகன் சொல்லியிருந்தான். ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்துப் பானையை இறக்குகிற நான், முழுப் பலகையில் தாராளமாகப் பூசினேன். பூசிய இடமெல்லாம் வெந்நீர் பட்ட வெல்லம்போல் உள்வாங்கியது. அந்தப் பசையில் பெயிண்டுக்குக் கலக்குகிற தின்னர் இருக்கிறதாம், அது நுரையைத் தின்றுவிடுமாம். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவர் கேட்டார்: “ஏ புள்ள, ஒட்டுற சத்தத்தக் காணும், பொரியுற சத்தம்லா கேக்குது?”

அடுத்து, ஆசாரிகள் மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை. அது நுரையைத் தின்னவில்லை, நல்ல குணம். இரண்டு பலகைக்கு நடுவே பூசி, சேர்த்துக் கட்டி, ஒரு வாரம் நிழலில் வைத்தேன். ஓரமெல்லாம் கெட்டியாக இறுகியிருந்தது. நான் மகனைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அவன் ஒரு பக்கம் பிடித்துத் தூக்க, மேல்பலகை மட்டும் கையோடு வந்தது. உள்ளே உறையாத தயிர். மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தண்ணி வெளிய போவ வழியே இல்ல அத்தை. டிபன் பாக்ஸுக்குள்ள ஈரத்துணிய வச்சி மூடிட்டு, காயலையேன்னா?” என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் அப்படியும் செய்யக்கூடியவள் என்று அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் வருத்தம்.

அந்த நாட்களில் ஒரு மாற்றம் வந்தது. போனில் அக்கா எப்போது வருவாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டாள். குரலும் இறங்கிவிட்டது. அவரும் என்னைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நான் பசை தெரியாமல் தடுமாறுகிற ஒவ்வொரு வாரமும் அவள் ஆயுள் கணக்கில் கழிகிறது.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது மகனை போனில் பிடித்து, பேசாமல் போனைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். அவர்கள் இருவரும் பேசி முடித்ததும், கடைக்காரர் பி.யூ. என்று இரண்டெழுத்துப் பேருள்ள பசையை எடுத்துத் தந்தார். ஈரம் பட்டால்தான் பிடிக்கும், தண்ணீரை லேசாகத் தெளிக்க வேண்டும், பசை பொங்கும், அதனால் மேலே கனம் வைக்க வேண்டும், கைக்கு உறை போட வேண்டும் என்று அவர் சொன்னதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

லேசாகத் தெளிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது வாசல் தெளிப்பதுதான். அப்படித்தான் தெளித்தேன். கனத்துக்கு வீட்டில் இருந்த ராகி மூட்டையைத் தூக்கி இணைப்பின்மேல் வைத்தேன். பசை பால் பொங்குவதுபோல் பொங்கி, பலகையோடு பலகையைச் சேர்த்ததோடு மூட்டையையும் சேர்த்துக்கொண்டது. நடுவில் ஒரு பாலித்தீன் தாள் போட்டிருந்தால் போதுமாம். அன்றைக்குக் களி கிண்ட வேண்டுமே, பலகையோடு கிடந்த மூட்டைக்குள் குனிந்து படியால் ராகி அள்ளினேன். ஆனால் மகன் அந்தப் பலகையைக் காலால் மிதித்துப் பார்த்தான், குதித்துப் பார்த்தான். வேறு இடத்தில் உடைந்தது, ஒட்டிய இடத்தில் விடவில்லை. “இதும்மா பசை” என்றான். சாக்கை வெட்டி எடுத்தான். உடையாத பாதி வண்டியின் உள்சுவரானது, அதில் சணல் நார் தாடிபோல் மிச்சம் நின்றது. என் கைவிரல்களும் அப்படித்தான் இருந்தன. உறையை நான் பத்திரமாகப் பரணில் எடுத்து வைத்திருந்தேன்.

அந்தப் பசையிலேயே சுவர், கூரை, கட்டில் எல்லாம் எழும்பின. வெளிப்பக்கத்துக்குப் பழைய வேட்டிகளை விரித்து, மேலே அந்த வெள்ளைப் பசையையே தண்ணீர்விட்டுப் பூசினோம். துணி வழியாக ஈரம் போய்விடுவதால் அது கல்லாகக் காய்ந்தது. அதன்மேல் சுவர்ப் பெயிண்டு. ராயக்கோட்டை ரோட்டில் உத்தனப்பள்ளிவரை வெறும் வண்டியை இழுத்துப் பார்த்தோம். நான் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் பல்லைக் கடித்தேன். ஒரு இணைப்பும் விடவில்லை.

பிறகு தள்ளிப்போடவில்லை, ஊருக்குக் கிளம்பிவிட்டோம். வலி வந்தபோதெல்லாம் புளியமர நிழலில் நிறுத்துவோம், அவர் உள்ளே போய்ப் படுப்பார். ஒரு டீக்கடைக்காரர் எங்கள் பெட்டி வண்டியைப் பார்த்து, குல்பி என்ன விலை என்று கேட்டார். மகன் தீர்ந்துவிட்டது என்றான்.

அக்கா வீட்டுக்குப் படிகள் உயரம். இவரால் ஏற முடியவில்லை. வாசலிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே படுத்துக்கொண்டார். அக்கா அதைக் கேள்விப்பட்டு, தன்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாளாம். அவள் பிள்ளைகள் அவளை நாற்காலியோடு தூக்கி வந்து, மெல்ல உள்ளே ஏற்றி, அவர் பக்கத்தில் கட்டிலிலேயே சாய்த்தார்கள். அவள் கூரையைப் பார்த்துவிட்டு, “ஏலே, என்னடா அட்டப்பொட்டிக்குள்ள படுத்துக் கெடக்க?” என்றாள். அவர் சிரித்தார். பிறகு பேச ஆரம்பித்தார்கள்.

என்ன பேசினார்கள் என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. அந்தக் கட்டிலை ஒரு ஆள் எடைக்குத்தான் சோதித்திருந்தோம். இரண்டாவது ஆள் ஏறியதும் எனக்கு உயிர் போய்விட்டது. யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, வண்டிக்குள் தலையை நுழைத்து, கட்டில் மூலையை இரண்டு கையாலும் தாங்கியபடி தரையில் மண்டியிட்டிருந்தேன். காதில் வேறெதுவும் விழவில்லை, பலகை நொறுங்குகிற சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவின் மருமகள் வந்து பார்த்துவிட்டு, “என்ன சித்தி, சாமி கும்பிடுதீயளா?” என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். பொழுது சாய்கிறவரை அவர்கள் பேசினார்கள். கட்டில் அசையவில்லை.

பொங்கலுக்கு மறுபடியும் வருவதாக அவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அக்கா மறுபடியும் ஏறிப் படுப்பாள், அதில் சந்தேகமில்லை. எனக்கு மறதி அதிகம். தண்ணீர் எவ்வளவு தெளித்தேன், கட்டில் மூலைக்குப் பசை ஒரு தடவை பூசினேனா இரண்டு தடவையா என்பது நினைவில் இல்லை. பசைகளைப் பற்றி எழுதியதிலும் பிசகு இருக்கலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது படித்தால், ஒன்றுவிடாமல் சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக, நுரைப் பலகைக் கட்டில் ஒன்று இரண்டு பேரைத் தாங்க மூலைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொங்கலுக்கு முன்னால் சொன்னால் புண்ணியமாகப் போகும்.