இரண்டாவது விரல்

என் பாதங்களில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அப்படி இருக்கிற பெண் புருஷனை அடக்கி வைப்பாள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அம்மாவுக்கும் அந்த நம்பிக்கை உண்டு. என்னைப் பெண் பார்க்க யார் வந்தாலும், பாதம் மறையப் புடவையை இறக்கிக் கட்டிவிடுவாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், புது மாதிரிகள் தைக்கும் பிரிவில் எனக்கு வேலை. ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் பழைய கிரேக்க பாணியில் வார் வைத்த செருப்பு கேட்டிருந்தார்கள். டிசைனர் கிரேக்கச் சிலைகளின் படங்களைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார். பாதிக்கு மேல் அம்மணம். மத்தியானத்துக்குள் சூப்பர்வைசர் வந்து ஒவ்வொரு இடுப்பிலும் மஞ்சள் காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். நாங்கள் சிரித்து மாளவில்லை.

சிரித்து முடித்த பிறகுதான் பாதங்களைப் பார்த்தேன். வீரனுக்கும் தேவதைக்கும் இரண்டாவது விரல்தான் நீளம். சாப்பாட்டு நேரத்தில் போனில் இன்னும் தேடினேன். அங்கேயும் அப்படித்தான். அழகு என்று நினைத்தே அதைச் செதுக்கியிருக்கிறார்கள். பார்வை மெல்ல மேலே போனது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மறு முழங்காலைத் தளர்த்தி, இடுப்பு ஒரு பக்கம் சாய, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுபோல நின்றார்கள். நான் அப்படி நின்றால், "ஒழுங்கா நில்லுடி" என்று அதட்டல் வரும்.

அந்தச் சிற்பிகளும் பொறுக்கித்தான் எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் சுமந்து முதுகு வளைந்த என் அப்பாவைப் போல ஒருவரும் அந்தச் சுவரில் இல்லை. அதனால் கிரேக்கர்களின் ஒப்புதலுக்காக நான் மகிழவில்லை. அங்கே அழகு, இங்கே குறை என்றால், குறை என் காலில் இல்லை. அவ்வளவுதான்.

அடுத்து என்னைப் பெண் பார்க்கக் குடியாத்தத்திலிருந்து வந்தார்கள். காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பையனின் அத்தை, "பொடவைய கொஞ்சம் தூக்கும்மா, பாதத்தப் பாக்கலாம்" என்றாள்.

தூக்கினேன், கணுக்கால் தெரியும்படியே. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, விரல் இவ்ளோ நீளம்?"

"பொறந்ததுலருந்தே அப்டித்தாங்க. உங்க பையனையும் சாக்ஸ கழட்டச் சொல்லுங்க. நானும் பாக்கறேன்."

பையன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். காபியைத் தொடாமலே எல்லோரும் எழுந்து போனார்கள். "உனுக்கு வாய் ஜாஸ்தி" என்று அம்மா அழுதாள்.

சில நாள் கழித்து அந்தப் பையனே போன் செய்தான். "எனுக்கு உங்கள புடிச்சிருக்கு. கோயில்ல ஒரு பரிகாரம் மட்டும் பண்ணிட்டா போதும்னு அத்த சொல்றாங்க."

"எதுக்குப் பரிகாரம்?"

"விரலுக்குத்தான்."

"அது நல்லாத்தான் கீது. நீங்க வேற எடம் பாருங்க" என்று வைத்துவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் என் தங்கையைப் பெண் பார்க்கத் திருப்பத்தூரிலிருந்து வந்தார்கள். பையனின் அம்மா, "பொண்ண கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பஜ்ஜி எடுத்துக்கினு நடந்துதானே வந்தா? பாத்தது போதுங்க."

அவர்களும் போய்விட்டார்கள். அம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, பஜ்ஜித் தட்டை எங்கள் நடுவில் வைத்தாள்.

"துன்னுங்கடி, ஆறிடும்."