கற்பூரம் அடித்துக் காட்டிய கால்வாய்

என் பூக்கடை ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில், சாக்கடையை ஒட்டி இருக்கிறது. வேறு இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் என் கடைப் பூவில் நாற்றம் ஏறியதென்று யாரும் சொன்னதில்லை. அம்மன் புண்ணியம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு மார்கழி விடியலில் சீக்கிரமே வந்தபோதுதான் பார்த்தேன். எல்லம்மாள் என் கடை முன்னால் சாக்கடை மூடியைத் தூக்கி, தேங்கினதை வாரிப்போட்டு, சுற்றிலும் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு ஒதுக்கின தெருவே இல்லை. என்னைக் கண்டதும் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 

உத்திரமேரூர் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. எல்லம்மாள் அங்கே கான்ட்ராக்டர் ஜெகனிடம் சாக்கடை வாருகிற ஆள். அவள் அப்பாவுக்கும் அதே வேலைதான். புருஷன் இல்லை, ஒரே மகள் சசிரேகா. காலனியின் கடைசியில், ஏரிக்குப் போகிற பக்கமாக, ஹாலோ பிளாக் வைத்து ஒரு அறையும் சமையல்கட்டும் கட்டியிருந்தாள். அடுத்த வருஷம் சசிரேகா தலைப்பிரசவத்துக்கு அங்கே வந்திருந்தாள்.

"பேரப்புள்ள இந்த வூட்லதான் பொறக்கணும்க்கா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்று பூ வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள்.

அந்த ஐப்பசியில் கடைத்தெரு முழுக்க முழங்கால் தண்ணீர். வெறும் மழைத் தண்ணீர் இல்லை. தினகரன் என்பவர் பழைய கால்வாய் மேலேயே கல்யாண மண்டபம் கட்டி, கக்கூஸ் குழாயையும் அதில் விட்டிருந்தார். எச்சில் இலையும் மலமுமாக அரிசிக்கடைக்குள் புகுந்தது, அம்மன் சன்னதிப் படி வரைக்கும் ஏறியது. ஜனங்கள் மறியல் செய்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸ்காரர்கள் வந்து, புது மழைநீர் வடிகால் போடப் போகிறோம், பழைய கால்வாயை மறித்துக் கட்டினதை எல்லாம் இடிப்போம் என்றார்கள்.

பழைய கால்வாய் எந்த வழி என்பதில்தான் தகராறு. எல்லைக்கல் ஒன்றும் மிச்சம் இல்லை. மண்டபத்துக்குக் கிழக்கே என்றார் தினகரன். மண்டபத்துக்கு அடியில் என்றார்கள் கடைக்காரர்கள். எங்கள் ஊரில் எல்லைச் சண்டை முற்றிப்போனால், விஷயம் தெரிந்தவர் ஈரத்துணியோடு அம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் மறுபேச்சு கிடையாது.

"எல்லம்மாதான் அதுல எறங்கி எறங்கி வார்னவ. அவளே சொல்லட்டும்" என்றார் அரிசிக்கடை வேதகிரி.

தினகரன் சிரித்தார். "தாராளமா சொல்லட்டும். அவ வூடும் அந்தக் கால்வா மேலதான கீது."

அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்று அவருக்கு நம்பிக்கை. எனக்கும் பயம்தான். சாயங்காலம் கடைக்கு வந்தவளிடம் சொன்னேன்.

"மண்டபத்து வரைக்கும் சொல்லிட்டு நிறுத்திக்க, எல்லம்மா. உன் வூட்டப் பத்தி யாரு கேட்டா?"

"ஆத்தா முன்னால நின்னுக்கினு பாதிக் கால்வாயக் காட்டறதாக்கா?"

"பொண்ணு மாசமா கீறா."

"அதனாலதான் பொய் சொல்ல பயமா கீது."

மறுநாள் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "கடத்தெருவுலருந்து வருது. மண்டபத்து சாப்பாட்டு ஹாலுக்கு அடியில போவுது. பம்பு ரூமாண்ட திரும்புது. என் வூட்டு சமையக்கட்டு வயியா ஏரிக்குப் போவுது. ஆத்தா மேல சத்தியம்" என்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். வேதகிரி அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், பேப்பர் கப்பில்.

ஆபீஸ்காரர்கள் குறித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. மண்டபத்தைத் தாண்டிப் போய் எல்லம்மாள் வீட்டு முன்னால் நின்றது.

"மொதல்ல மண்டபத்த எடுங்க. அங்கருந்துதான தண்ணி வருது?" என்றாள் எல்லம்மாள்.

வடிகால் வேலையையும் எடுத்திருந்த ஜெகன் வண்டியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. "மண்டபத்துக்கு கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டாங்க. உனக்கு இன்னா கீது? நீயேதான கற்பூரம் அடிச்சி சொன்ன?"

நின்றவர்கள் சிரித்தார்கள். தினகரனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவரிடம் போய், "கற்பூரத்துக்கு நீங்களும் ஒத்துக்கினீங்களே, சாமி" என்றாள்.

"கற்பூரம் கோயிலுக்கு. கோர்ட்டுக்கு வக்கீல் வெக்கணும், எல்லம்மா."

"புள்ள பொறக்கற வரைக்குமாவது வுடுங்க."

"உன் பொண்ணுக்காக மழ நிக்குமா? ஓரமா போ" என்றார் வேதகிரி. அவளைச் சத்தியம் செய்யச் சொன்னவர் அவர்தான்.

சசிரேகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதை இறக்கிக்கொள்ளக்கூட விடவில்லை. சுவர் அதன் மேலேயே விழுந்தது. அன்றைக்கே சம்பந்தியம்மா வந்து, "வூடு இல்லாத எடத்துல இன்னா தலப்பிரசவம்?" என்று மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்லம்மாள் பம்பு ரூம் பக்கத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டாள்.

வடிகால் கட்டினார்கள். மண்டபத்துக்கிட்ட வந்ததும் முழங்கை மாதிரி மடங்கி, ஒடுங்கி, சுற்றிக்கொண்டு போனது. அடுத்த மழையில் தண்ணீர் அந்த மடக்கில் முட்டிக்கொண்டு, பழையபடி கடைத்தெருவில் ஏறியது. மண்டபத்தை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"இவ சொன்ன வயியில கால்வா இருந்திருந்தா தண்ணி போயிருக்குமே. பொய் சத்தியம் பண்ணிட்டா" என்றார் வேதகிரி.

"அண்ணே, வயிய மண்டபம்தான மறிச்சிக்கினு கீது" என்றேன்.

"நீ பூவக் கட்டும்மா."

அந்த மடக்கில் எல்லம்மாளைத்தான் இறக்கினார்கள். கையுறை கிடையாது. மார்பு வரைக்கும் மண்டபத்துக் கழிவு. முந்தின நாள் ஒரு கல்யாணம் வேறு நடந்திருந்தது. மேலே குடை பிடித்துக்கொண்டு நின்ற ஜெகன், "நல்லா தேடு எல்லம்மா, உன் கால்வா உள்ளதான் எங்கியாவது கெடக்கும்" என்றான். கடைக்காரர்கள் மறுபடியும் சிரித்தார்கள். அவள் தலையைத் தூக்கவில்லை. உள்ளேயிருந்து வாழை இலைக் கட்டுகளை ஒவ்வொன்றாக மேலே எறிந்துகொண்டே இருந்தாள்.

ஊர்ப்பேச்சு சம்பந்தி வீட்டுக்கும் போய்விட்டது. பேரன் பிறந்த சேதி கேட்டு, சட்டையும் வசம்பு வளையலும் வாங்கிக்கொண்டு போனவளை வாசலிலேயே நிறுத்தி, "பொய் சத்தியம் பண்ண கை புள்ள மேல படக்கூடாது" என்றுவிட்டார்கள். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டதாம். அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொண்டுபோன பையோடு திரும்பி வந்தாள். அதே வாரம், தண்ணீர் வடியாததற்கு அவள் சரியாக வாராததுதான் காரணம் என்று ஜெகன் வேலையை விட்டும் நிறுத்திவிட்டான்.

அவள் சொன்னது பொய் இல்லை. அம்மனுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும்.

காவாந்தண்டலத்தில் அவள் தம்பி முனியன் இருக்கிறான். நடவு வேலைக்கு ஆள் தேவைப்படுகிறது என்று அங்கே கிளம்பினாள். பஸ் நிறுத்தத்துக்கு நானும் கூடப் போனேன். குங்குமப் பிரசாதத்தைப் பொட்டலமாக மடித்து அவள் கையில் வைத்தேன். கற்பூரம் சுட்ட தழும்பு உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

"ஆத்தா மேல கோவமா, எல்லம்மா?" என்று கேட்டேன்.

 பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

"யக்கா, உன் கட வாசல்ல சாக்கட மூடிக்கு அடியில தென்ன மட்ட ஒண்ணு மாட்டிக்கினு கீது. புச்சா வர்ற ஆளாண்ட சொல்லி எடுக்கச் சொல்லு. சாமிக்குப் போற பூவு, நாத்தம் ஏறிடப் போவுது."